ஈராக்கின் படைச் சின்னங்கள்

பண்டைத் தமிழர் போருக்குச் சென்ற காலத்துப் பூச் சூடிச் சென்றனர். ஆநிரை கவரப் போனவன் வெட்சியையும், பகைவர் நாட்டின்மேற் படையெடுத்தவன் வஞ்சியையும், களத்தில் எதிர்நின்று பொருதவன் தும்பையையும், வென்றவன் வாகையையும் அணிந்தான் என்று இலக்கண நூலார் கூறுவர். சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்ற வழக்கும் இருந்தது. வீரன் ஒருவனின் தலையிலுள்ள பூவைக் கண்ட அளவிலேயே அவன் யாருடைய ஆள், என்ன கருமத்தின்மேற் செல்கிறான் என்பவை புலப்பட்டுவிடும். இக்காலப் படைவீரனின் தோளிலும் தொப்பியிலும் காணப்படும் விண்மீன், கழுகு, முக்கோணம் என்பனவும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. பூ மாலைக்குள் வாடிவிடும். பித்தளைச் சின்னம் வாடுவதில்லை. அதை அணிந்தவன் மறைந்த பின்னும், அவனை அனுப்பிய அரசே அழிந்த பின்னும் அது எஞ்சிக் கிடக்கும்.

எஞ்சிக் கிடப்பதைத் திரட்டுவோர் உலகெங்கும் இருக்கின்றனர். தபால் முத்திரையும் நாணயமும் சேர்ப்பதைப் போலப் படைச் சீருடைகளையும் சின்னங்களையும் சேர்த்து, காலமும் பிரிவும் தரமும் கண்டு வகைப்படுத்துவது அவர்களுடைய முயற்சி. இவ்வகைச் சேகரிப்பில் ஈராக் நாட்டுப் படைச் சின்னங்களுக்குத் தனியிடம் உண்டு. ஒரு நூற்றாண்டுக் காலத்துள் அந்தப் படை மன்னர்களுக்குச் சேவித்தது. குடியரசுத் தலைவர்களுக்குச் சேவித்தது. தனியொருவரின் சர்வாதிகாரத்துக்குச் சேவித்தது. ஒருநாள் ஓர் அந்நியரின் கட்டளையாற் கலைக்கப்பட்டு மறுபடியும் உருவாக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றமும் சீருடையில் ஒரு தடத்தை விட்டுச் சென்றுள்ளது. அத்தடங்களைப் படிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு பெட்டிச் சின்னங்களே ஒரு சரித்திர நூலாகிவிடும்.

ஈராக்கியப் படை 1921ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் தோன்றியது. முதலாவது படைப்பிரிவுக்கு, பாக்தாத் நகரிற் பள்ளியடக்கம் கொண்டிருக்கும் இமாம் மூஸா அல்காழிம் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் முதலாம் பைசல் மன்னர் முடிசூடினார். அப்பொழுது ஈராக் பிரித்தானியரின் மேற்பார்வையில் இருந்தது. 1932இல் அது சுதந்திர நாடாகிச் சர்வதேச சங்கத்தில் அங்கத்துவம் பெற்றது.

புதிய படையின் அதிகாரிகளிற் பலர் முன்னர் துருக்கிய சுல்தானின் சேனையிற் பயின்றவர்கள். முதலாவது பாதுகாப்பு அமைச்சரான ஜாபர் அல்அஸ்கரியும் அத்தகையவரே. ஆட்கள் துருக்கியப் பயிற்சி பெற்றவர்களாயினும் சீருடை ஆங்கிலேயரின் வழியிலே அமைந்தது. காக்கித் துணி, தோட்பட்டி, முடியும் விண்மீனும் கொண்ட தரச் சின்னம், சிப்பாய்களின் கையில் வி வடிவ நாடாக் கோடு ஆகிய அனைத்தும் பிரித்தானியப் படையின் சாயலைக் கொண்டவை. தலையணி ஒன்றில் மட்டும் மன்னர் தம் தனித்தன்மையைக் காட்ட விரும்பினார். துருக்கியர் காலத்துச் சிவப்புக் குல்லாயை அகற்றி, இரண்டாக மடித்தாற்போன்ற நீண்ட தொப்பி ஒன்றைப் புகுத்தினார். சிதாரா என்றும், மன்னர் பெயரால் பைசலியா என்றும் வழங்கிய அத்தொப்பியை அரசாங்க உத்தியோகத்தரும் படை அதிகாரிகளும் அணிந்தனர். தலையிலிருப்பதை மாற்றினால் தலைக்குள்ளிருப்பதும் மாறும் என்ற நம்பிக்கை பல நாட்டு ஆட்சியாளரிடம் இருந்ததொன்றே.

1931ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், இங்கிலாந்திற் பயின்ற ஈராக்கிய விமானிகள் ஐந்து சிறு விமானங்களை ஓட்டி வந்து தாயகத்தில் இறக்கினர். வான்படை அவ்வாறு தோன்றியது. மன்னர் காலத்துச் சின்னத்தை இனங்காண்பது எளிது. அதில் முடி இருக்கும். ஈராக்கின் எந்தப் படைச் சின்னத்தில் அரச முடி காணப்பட்டாலும் அது 1958 ஜூலை மாதத்துக்கு முற்பட்டது என்று துணியலாம்.

1958 ஜூலை 14ஆம் நாட் காலையிற் படையினர் மன்னராட்சியைக் கவிழ்த்தனர். இளம் மன்னர் இரண்டாம் பைசல் கொல்லப்பட்டார். அப்துல் கரீம் காசிம் ஆட்சித் தலைவரானார். முடி, தோளிலிருந்தும் தொப்பியிலிருந்தும் மறைந்தது. அடுத்த ஆண்டிலே குடியரசுக்குப் புதிய இலச்சினை ஒன்று வகுக்கப்பட்டது. அதை வரைந்தவர் ஈராக்கின் தலைசிறந்த சிற்பியும் ஓவியருமான ஜவாத் சலீம். மெசொப்பொத்தேமியாவின் பழைய சூரியக் கடவுளாகிய சமாசின் கதிர்களை அவர் அடிப்படையாகக் கொண்டார். நடுவே கோதுமைக் கதிரும் பற்சக்கரமும் வைத்தார். ஒரு பக்கத்தில் அராபியரின் வாளையும் மறுபக்கத்திற் குர்தியரின் குத்துவாளையும் அமைத்தார். உழவும் தொழிலும் அதில் இடம்பெற்றன. இரண்டு இனங்களும் ஒரு வட்டத்துள் ஒப்ப நின்றன. ஆனால் அவ்விலச்சினை ஆறு ஆண்டுகளே வாழ்ந்தது. 1961இல் ஜவாத் சலீம் காலமானார். அதே ஆண்டிற் குர்தியருக்கும் அரசுக்குமிடையே போர் மூண்டது. 1963இற் காசிம் கொல்லப்பட்டார். 1965இல் இலச்சினை மாற்றப்பட்டது. ஆதலால் எண்கோணக் கதிரும் குத்துவாளும் கொண்ட சின்னம் ஒருவன் கைக்குக் கிடைக்குமாயின், அது அந்தக் குறுகிய காலத்துக்குரியது என்பதிற் சந்தேகமில்லை. நிறைவேறாத ஒரு நல்லெண்ணத்தின் நினைவாகவும் அதனைக் கொள்ளலாம்.

1965இல் வந்தது சலாகுத்தீனின் கழுகு. சிலுவைப் போரிற் புகழ்பெற்ற சலாகுத்தீன் ஈராக்கிலுள்ள திக்ரித்திற் பிறந்தவர். எகிப்தின் கெய்ரோக் கோட்டைச் சுவரிற் காணப்பட்ட கழுகுருவம் அவருடையதெனக் கொள்ளப்பட்டு, முதலில் எகிப்தியருக்கும் பின்னர் வேறு அரபு நாட்டினருக்கும் இலச்சினையாயிற்று. இங்கேதான் புதிதாகச் சேகரிப்போர் இடறி விழுகின்றனர். எகிப்தியக் கழுகும் ஈராக்கியக் கழுகும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். மார்பிலுள்ள கேடயத்தை உற்று நோக்க வேண்டும். சிவப்பு, வெள்ளை, கறுப்புப் பட்டைகளின் நடுவே மூன்று விண்மீன்கள் இருப்பது ஈராக்கின் வழக்கு. எகிப்தின் அக்காலத்துக் கேடயத்தில் விண்மீன் இரண்டே. எகிப்து, சிரியா, ஈராக் ஆகிய மூன்றும் ஒன்றிணையும் என்ற எதிர்பார்ப்பில் 1963இல் வகுத்த கொடியிலிருந்து வந்தவை அம்மூன்று விண்மீன்கள். அந்த ஐக்கியம் கைகூடவில்லை. கைகூடாத ஐக்கியத்தின் விண்மீன்களை ஈராக்கியக் கொடி 2008 வரையிலே தாங்கி நின்றது.

முடியிருந்த இடத்திற் கழுகு வந்து அமர்ந்ததே தவிர, தரத்தைக் காட்டும் முறை பெரிதும் மாறவில்லை. ஒரு விண்மீன் முலாசிம். இரண்டு, முலாசிம் அவ்வல். மூன்று, நகீப், அதாவது கப்டன். மேஜருக்கு ஒப்பான ராயித்துக்குத் தனிக் கழுகு. கழுகின் கீழ் ஒரு விண்மீன் சேர்ந்தால் முகத்தம். இரண்டு சேர்ந்தால் அகீத், அதாவது கேணல். மூன்று சேர்ந்தால் அமீத், அதாவது பிரிகேடியர். அதற்கு மேற்பட்ட தளபதிகளுக்குக் கழுகோடு குறுக்கிட்ட வாள்களும் வரும். அதிகாரிகளுட் சிலரின் தரப் பெயரோடு ருக்ன் என்ற சொல் சேர்ந்து வருவதைக் காணலாம். அது பதவியுயர்வைக் குறிப்பதன்று. உயர்தரப் படைத்துறைக் கல்லூரியிற் பயின்று தேறியதைக் குறிப்பது.

இவ்விடத்தில் ஒரு விசித்திரம் கவனிக்கத்தக்கது. சதாம் உசேன் எந்தக் காலத்திலும் முறையான படைச்சேவை செய்தவரல்லர். எனினும் 1976இல் அவருக்குத் தளபதித் தரம் கௌரவமாக அளிக்கப்பட்டது; 1979இல் அவர் நாட்டுத் தலைவரான பின்னர் எல்லாத் தரங்களுக்கும் மேற்பட்டதொரு தரமும் அவருக்கெனவே வழங்கிற்று. அந்தப் பட்டத்தின் இறுதியிலும் ருக்ன் என்ற சொல் இருந்தது. கல்லூரி வாசலை மிதியாதவருக்குக் கல்லூரித் தேர்ச்சி! கட்சி அமைச்சர்களும் உத்தியோகத்தர்களும் அவரைப் பின்பற்றி ஒலிவப் பச்சைச் சீருடையிற் கருமமாற்றினர். ஆகவே பச்சைச் சட்டை ஒன்று கிடைத்துவிட்டால் அது படைவீரனுடையது என்று உடனே முடிவுகட்டுதல் தவறாகும். அது எழுதுகோலைத் தவிர வேறு ஆயுதம் ஏந்தாத ஒருவருடையதாகவும் இருத்தல் கூடும்.

1980 செப்டெம்பர் 22இல் ஈரானோடு தொடங்கிய யுத்தம் 1988 ஆகஸ்டு 20 வரையில் நீடித்தது. எட்டாண்டுப் போரிலே படை பல மடங்கு பெருகிற்று. அத்துணை பேருக்கும் உடையும் தலைக்கவசமும் காலணியும் ஒரே நாட்டிலிருந்து பெற முடியவில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆசிய நாடுகளிலிருந்தும் அவை வந்தன. சோவியத்து மாதிரி உருக்குக் கவசம் ஒருவன் தலையிலும், தென்கொரியாவிற் செய்த இலேசான கவசம் அவனுக்கு அடுத்து நின்றவன் தலையிலும் இருந்தன. எனவே இக்காலத்துப் பொருள்களைப் பொறுத்தவரை, துணியின் நிறத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. கழுத்தின் உட்புறத்திலே தைத்த சீட்டு, பொத்தான், தையல், முத்திரை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முத்திரைகளைப் படிப்பதற்கு அரபு எழுத்துகளையும் இலக்கங்களையும் ஓரளவேனும் பயிலுதல் இன்றியமையாதது. அங்கே பூச்சியம் வெறும் புள்ளி. சிறிய வட்டம் போல் எழுதப்படுவது ஐந்து. இதனை அறியாதவன் 1985 என்று பொறித்த சீட்டை 1980 என்று படித்து, ஐந்தாண்டு பிழைபட எழுதி வைப்பான். ஏழு என்பது ஆங்கில வி எழுத்துப் போலவும், எட்டு அதனைக் கவிழ்த்தது போலவும் இருக்கும். சின்னத்தைத் தலைகீழாகப் பிடித்தால் ஏழு எட்டாகும், எட்டு ஏழாகும். துப்பாக்கி முதலான உபகரணங்களிலே ஒரு முக்கோணமும் அதனுள் ஜீம் என்ற அரபு எழுத்தும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். படை என்று பொருள்படும் ஜைஷ் என்ற சொல்லின் முதலெழுத்து அது. பொருள் படைக்குச் சொந்தமானது என்பதைக் காட்டுவது. மற்றொரு முக்கோணம் முற்றிலும் வேறானது. அது சிவப்பு நிறமுடையது. சதாமின் தேர்ந்தெடுத்த படையாகிய குடியரசுக் காவற்படையின் அடையாளம். ஹம்முராபி, நெபுக்காட்நேசர், மதீனா என்று பண்டைப் பெருமையும் சமயப் பெருமையும் கலந்த பெயர்களை அப்படையின் பிரிவுகள் தாங்கியிருந்தன. முக்கோணம் என்றால் ஒன்றே என மயங்குவோர், பொதுப் படையின் பண்டகசாலைக் குறியைக் காவற்படையின் விருதென்று கருதி ஏமாறுவர்.

கையிலே தைக்கும் கொடிச் சின்னம் காலத்தை இன்னும் நுட்பமாகக் காட்டும். மூன்று விண்மீன்கள் மட்டும் இருந்தால், அந்த வடிவம் 1991 ஜனவரிக்கு முற்பட்டது. விண்மீன்களுக்கிடையே இறைவன் மிகப் பெரியவன் என்ற அரபு வாசகம் கையெழுத்து வடிவில் இருந்தால் அது 1991க்கும் 2004க்கும் இடைப்பட்டது; அந்தக் கையெழுத்துச் சதாமினுடையது என்பர். அதே வாசகம் கூஃபி எனப்படும் பழைய கோணல் எழுத்தில் இருந்தால் அது 2004இலோ அதன் பின்னரோ வந்தது. வாசகம் மட்டும் நிற்க விண்மீன்கள் மறைந்திருந்தால் அது 2008க்குப் பிற்பட்டது. ஒரு சிறு துணித் துண்டு மூன்று மாற்றங்களைச் சொல்லும் விதம் இது.

1990 ஆகஸ்டு 2இல் ஈராக்கியப் படை, இலங்கையர் பலரும் தொழில் செய்துகொண்டிருந்த குவைத்தைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் நடந்த தரைப் போர் ஐந்து நாளைக்குள் முடிந்தது. எண்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியர் சரணடைந்தனர். பாலைவனம் முழுவதும் தொப்பியும் கவசமும் சட்டையும் சிதறிக் கிடந்தன. பின்னர் 2003 ஏப்ரல் 9இற் பாக்தாத் வீழ்ந்தது. வீரர்கள் சீருடையைக் களைந்து தெருவோரத்தில் எறிந்துவிட்டுச் சாதாரண உடையில் வீடு நோக்கி நடந்தனர். மே 23ஆம் நாள் அமெரிக்க நிருவாகி போல் பிரேமர் வெளியிட்ட கட்டளை, படையையே சட்டப்படி கலைத்துவிட்டது. 1921இல் தோன்றியது ஒரு தாளிலே முடிந்தது.

இன்று மேற்கு நாட்டுச் சேகரிப்பாளரிடம் காணப்படும் பொருள்களிற் பெரும்பாலானவை இவ்விரு போர்களின் பின் வெளியேறியவை. அவற்றுள் மிகப் பிரசித்தமானது சதாமின் மகன் உதய் அமைத்த பெதாயீன் என்ற துணைப்படையின் கறுப்புத் தலைக்கவசம். பிடரியை மூடி விரியும் அதன் வடிவம், விண்வெளிப் போர் பற்றிய ஓர் அமெரிக்கத் திரைப்படத்தின் தீய பாத்திரத்தை நினைவூட்டுவது. இறைவன், தாயகம், தலைவன் என்ற மூன்று சொற்கள் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. விரும்புவோர் பெருகவே போலிகளும் பெருகின. தேய்மானம் இல்லாத துணி, புதிய நூல், எழுத்துப் பிழையுள்ள வாசகம், ஒரே உடையில் ஒன்றோடொன்று பொருந்தாத சின்னங்கள் என்பவற்றைக் கண்டால் ஐயுற வேண்டும். கேணலின் கழுகும் சிப்பாயின் கைக் கோடும் ஒரு சட்டையில் இருக்குமாயின் அது போர்க்களத்திலிருந்து வந்ததன்று. கடைக்காரன் கையிலிருந்து வந்தது.

உண்மையான பொருளும் சில வேளை மயக்கும். ஆறு நிறம் கலந்த பாலைவனச் சீருடையை 1991இல் அமெரிக்கர் அணிந்து ஈராக்கியரோடு பொருதனர். 2003க்குப் பின் புதிய ஈராக்கியப் படை உருவானபோது, அதே உடை அப்படையினருக்கு வழங்கப்பட்டது. ஒரே துணி முன்னர்ப் பகைவனுடையது, பின்னர்த் தன்னுடையது. எங்கே, எப்பொழுது, யாரிடமிருந்து பெறப்பட்டது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்தச் சட்டை எதையும் சொல்ல மாட்டாது. அனுபவமுள்ள சேகரிப்பாளர் பொருளைவிடக் குறிப்பைப் பெரிதாகப் போற்றுவதற்குக் காரணம் இதுவே.

இனி, எல்லாவற்றினும் முக்கியமான ஒரு வினா எஞ்சியுள்ளது. இந்தச் சின்னம் எவ்வாறு கழன்றது? எறியப்பட்டதை எடுப்பது ஒன்று. உயிரோடிருப்பவனிடமிருந்து பறிப்பதும் இறந்தவனிடமிருந்து உரிவதும் வேறு. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் இதனைத் திட்டமாக வரையறுத்துள்ளன. போர்க் கைதியிடமிருந்து தரச் சின்னத்தையோ, நாட்டுச் சின்னத்தையோ, பதக்கத்தையோ, அவன் அன்பு வைத்த பொருளையோ எடுத்தலாகாது. இறந்தோரின் உடல்களைக் கொள்ளையிடாமற் காத்தல் இரு தரப்பாரினதும் கடமை. இறந்தவனின் அடையாளத் தகடு இரட்டையாயின் ஒரு பாதி உடலோடு இருக்க, மறுபாதி அவனுடைய நாட்டுக்குச் சேர்ப்பிக்கப்பட வேண்டும்.

போரில் வென்றோர் இதனை மறப்பது எளிது. ஈரானியப் போர் முடிந்த மறு ஆண்டிலே பாக்தாதில் எழுப்பப்பட்ட வெற்றி வளைவில், இரண்டு பேருருவக் கைகள் வாளேந்தி நின்றன. அவற்றின் அடியில் ஈரானிய வீரரின் தலைக்கவசங்கள் ஆயிரக்கணக்கிற் பதிக்கப்பட்டன. அணிவகுப்புச் செல்வோர் அவற்றின் மீது மிதித்துச் செல்லும்படி சில கவசங்கள் பாதையிலும் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு தாயின் மகன் அணிந்திருந்தது. பிறருடைய சின்னத்தைச் சேர்த்து வைப்பது வேறு. அதனை மிதிப்பதற்காகச் சேர்ப்பது வேறு என்பதற்கு அவ்வளைவைவிடச் சிறந்த பாடம் இல்லை.

அந்த யுத்தத்திற் காணாமற்போனோரை இரு நாடுகளும் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றன. பழைய களங்களிலே தோண்டி எடுக்கும் எலும்புகள், சலாம்சா என்னும் எல்லைக் கடவையிற் பரிமாறப்படுகின்றன. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு இதற்கு உதவி புரிகின்றது. குவைத்திலிருந்து 1990இலும் 1991இலும் காணாமற்போன அறுநூறுக்கும் மேற்பட்டோரைத் தேடுவதற்கும் அக்குழுவின் தலைமையில் ஓர் ஆணைக்குழு இயங்கி வருகின்றது. இக்காலத்தில் மரபணுச் சோதனை பெருந்துணையாக உள்ளது. ஆயினும் எந்த மண்ணில் தோண்டுவது, எவருடைய உறவினரிடம் இரத்தம் பெறுவது என்று முதலிற் சொல்வது, துருப்பிடித்த தகடும் மக்கிய துணியிலே எஞ்சிய கழுகும் விண்மீனுமே. பெயரும் இலக்கமும் குருதி வகையும் பொறித்த தகடு ஒன்று தூர தேசத்திலே ஒருவரின் கண்ணாடிப் பெட்டியிற் கிடக்குமாயின், பாஸ்ராவிலோ மோசூலிலோ ஒரு குடும்பம் விடையின்றிக் காத்திருத்தல் கூடும்.

ஆகவே சேகரிப்போர் கைக்கொள்ள வேண்டிய விதிகள் சிலவே. பெயரற்ற சின்னத்தை வகைப்படுத்திப் பாதுகாக்கலாம். அது எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். பெயர் தாங்கிய தகடு, கடிதம், படம் என்பன கைக்கு வந்தால், அவற்றை விற்பனைப் பொருளாகக் கொள்ளாது செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களுக்கு அறிவிக்க வேண்டும். பறிக்கப்பட்டது என்று தெரிந்த பொருளை எவ்விலைக்கும் வாங்கலாகாது. வாங்குவோர் இல்லாவிடத்துப் பறிப்போரும் குறைவர்.

நம் முன்னோர் களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டி, அவன் பெயரையும் அதிற் பொறித்தனர். எழுத்துத் தேய்ந்த நடுகல்லைக் காண்பவர், இவன் யாராயிருப்பான் என்று ஒரு கணம் நின்று எண்ணுவதுண்டு. ஈராக்கின் மணலிலிருந்து வந்த ஒரு பித்தளைக் கழுகைக் கையில் எடுப்பவரும் அவ்வாறே எண்ணுவாராயின், விண்மீன்களை எண்ணித் தரத்தை அறிவதோடு அவர் நின்றுவிட மாட்டார். அதை அணிந்தவன் வீடு திரும்பினானா என்றும் கேட்பார். அக்கேள்வியைக் கேட்பவரிடம் அச்சின்னம் இருப்பதில் எவருக்கும் குறையிராது.